“கேன்சர் புரதத்தை அழிக்கும் ஜூஸ்” விற்பவர்களே, செல்லில் எந்த இடத்தில் இருக்கும் புரதத்தை அழிக்கிறீங்க?

1/
வாட்ஸ்அப்பில் ஓயாம சுத்துற செய்தி ஒண்ணு இருக்கு. “முள் சீத்தா ஜூஸ் கேன்சர் செல்லில் இருக்கும் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும். கீமோவை விட 10,000 மடங்கு சக்தி. பக்கவிளைவே கிடையாது. ஆஸ்பத்திரிக்காரன் சொல்ல மாட்டான்.”
ஆஸ்பத்திரிக்காரன் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஏன் கோபம்னு சொல்லிடறேன். பழம் சாப்பிடுறது தப்பில்லை. மார்பில் சின்னக் கட்டியோட இருக்கிற ஒரு அக்கா, “முதல்ல இதைக் குடிச்சுப் பார்ப்போம்”னு 6 மாசம் வீட்டிலேயே இருந்துடறாங்க. அதுக்கப்புறம் கட்டி உடைஞ்சு, புண்ணாகி, அக்குளில் நெறி கட்டி ஓ.பி.க்கு வர்றாங்க. அந்த 6 மாசத்தை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது. ஜூஸ் வித்தவரும் தர மாட்டார்.

3/
இந்த ஃபார்வர்டில் பெரிய பொய் “10,000 மடங்கு” இல்லைங்க. “கேன்சர் புரதம்” என்ற ரெண்டு வார்த்தைதான். கேன்சருக்குன்னு தனியா ஒரு கெட்ட புரதம் இருக்கு, நல்ல செல்லில் அது கிடையாது, அதை மட்டும் சுட்டுத் தள்ளினா போதும்னு நம்ப வைக்கிறாங்க. மத்த எல்லாப் பொய்யும் இதுமேலதான் நிக்குது.
அது ஏன் பொய்னு தெரியணும்னா, ஒரு செல் ரெண்டாப் பிரியும்போது உள்ளே யார் எங்கே நிக்கிறாங்கன்னு பார்க்கணும். வாங்க.

4/
நம்ம உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கு. எலும்பு மஜ்ஜை மட்டும் ஒரு நொடிக்கு சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குது. குடலின் உள்பூச்சு சில நாளுக்கு ஒருமுறை புதுசாகுது. இதெல்லாம் நடக்கணும்னா செல் பிரிஞ்சுகிட்டே இருக்கணும். நீங்க இந்த வரியைப் படிக்கும் நேரத்திலும் அது நடந்துகிட்டுதான் இருக்கு.
ஆக, செல் பிரிவது நோய் இல்லை. அதுதான் உயிர்.

5/
பிரியும்போது என்ன நடக்குது? 46 குரோமோசோமும் முதல்ல இரட்டிப்பாகும். உட்கருவின் சவ்வு கரையும். செல்லின் ரெண்டு முனையிலும் சென்ட்ரோசோம் என்ற மையம் போய் நிக்கும். அங்கிருந்து மெல்லிய குழாய் போன்ற இழைகள் கிளம்பி வரும். இதுக்குப் பேர் மைக்ரோட்யூபியூல். ஒவ்வொரு குரோமோசோம் ஜோடியையும் ரெண்டு பக்கத்திலிருந்தும் இது கயிறு மாதிரிப் பிடிக்கும். எல்லா ஜோடியும் நடுக்கோட்டில் வரிசையா நின்ன பிறகு இழு! ரெண்டு பக்கமும் சரிபாதி போகும். கடைசியா செல்லின் நடுவில் இடுப்பு ஒடுங்கி ரெண்டாகும்.

6/
இந்த வேலைக்கு நூத்துக்கணக்கான புரதங்கள் வேணும். அதில் பலதும் ஒரே இடத்தில் நிக்கிறதில்லை. நேரத்துக்கு நேரம் இடம் மாறும்.
நல்ல உதாரணம் அரோரா பி. செல் பிரியத் தொடங்கும்போது இது குரோமோசோமின் உடல் முழுக்கப் பரவி இருக்கும். குரோமோசோம்கள் நடுக்கோட்டில் நிக்கும்போது அதன் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரில் வந்து கூடும். குரோமோசோம்கள் பிரிந்து ஓடும்போது கூடவே போகாது. நடுவிலேயே இறங்கிடும். கடைசியில் ரெண்டு செல்லும் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய பாலத்தில் நிக்கும்.

7/
கல்யாண வீட்டில் தாய்மாமன் மாதிரி. முகூர்த்த நேரத்தில் மணமேடையில், அடுத்து பந்தியில், கடைசியில் வாசலில் நின்னு தாம்பூலப் பை கொடுத்துகிட்டு. ஆள் ஒருத்தர்தான். நேரத்தைப் பொறுத்து இடம், இடத்தைப் பொறுத்து வேலை.
சென்ட்ரோமியரில் நிக்கும்போது அரோரா பி செய்வது தப்பா மாட்டிய கயிறைக் கழட்டி விடும் வேலை. நடுவில் நிக்கும்போது செல்லைச் சரியா ரெண்டாக்கும் வேலை. முகூர்த்த நேரத்தில் மாமா பந்தியில் நின்னா என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

8/
அடுத்து, மேட்-2, பப்-ஆர்-1 போன்ற புரதங்கள். இவங்க கண்டக்டர்கள். கயிறு மாட்டாத குரோமோசோமின் இடுப்பில்தான் இவங்க வந்து நிப்பாங்க. ஒரே ஒரு குரோமோசோம் மாட்டாம இருந்தாலும் “இன்னும் ஆள் ஏறல, வண்டியை எடுக்காதே”ன்னு சைகை போயிட்டே இருக்கும். செல் காத்திருக்கும். எல்லாம் மாட்டின பிறகுதான் இவங்க அந்த இடத்தை விட்டு நகர்வாங்க. அப்புறம்தான் விசில்.
இந்தச் சோதனைச்சாவடிக்கான மரபணுக்கள் 1991ல் ஈஸ்ட் செல்லில் கண்டுபிடிக்கப்பட்டன. ஆமாங்க, பிரெட் செய்யும் அதே ஈஸ்ட்தான். அவ்வளவு பழைய ஏற்பாடு இது.

9/
கண்டக்டர் இல்லாட்டி? பப்-ஆர்-1 புரதத்துக்கான மரபணுவின் ரெண்டு பிரதியிலும் பழுதோடு பிறக்கும் குழந்தைகள் மிக அரிதா உண்டு. அவங்க உடம்பில் பல செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறா இருக்கும். சிறு வயதிலேயே புற்றுநோய் வரும் ஆபத்தும் அதிகம். இந்தத் தொடர்பு 2004ல் உறுதியானது.
இங்கே கவனிங்க. கெட்ட புரதம் ஒண்ணு புதுசா வந்ததால் நோய் வரல. நல்ல புரதம் நிக்க வேண்டிய இடத்தில் நிக்காததால் வந்தது. இதை எந்த ஜூஸ் “அழித்து” சரி பண்ணும்? இல்லாத கண்டக்டரை எப்படி அடிச்சு விரட்டுவீங்க?

10/
இது ஏதோ நேத்து வந்த கதை இல்லை. ஜெர்மானிய விஞ்ஞானி தியோடர் போவேரி கடல் முள்ளெலி என்ற உயிரினத்தின் முட்டைகளை வைத்து ஆராய்ந்தார். ஒரே முட்டையில் ரெண்டு விந்தணு நுழைஞ்சா, ரெண்டு முனைக்குப் பதில் மூணு, நாலு முனை உருவாகி குரோமோசோம்கள் கன்னாபின்னான்னு பிரியும். புற்றுநோய்க்கும் இப்படிக் குரோமோசோம் தப்பாகப் பிரிவதே தொடக்கமாக இருக்கலாம்னு 1914லேயே ஒரு நூலாக எழுதினார். அடுத்த வருஷம் இறந்துட்டார்.
100 வருஷம் தாண்டியும் இன்றைக்குப் பெரும்பாலான கட்டிகளில் குரோமோசோம் எண்ணிக்கை தப்பாதான் இருக்குன்னு பார்க்கிறோம்.

11/
இப்போ “கேன்சர் புரதம்” கதைக்கு வருவோம். சர்வைவின்னு ஒண்ணு இருக்கு. 1997ல் கண்டறியப்பட்டது. பல புற்றுநோய்களில் ஏராளமா இருக்கும். வளர்ந்த மனிதரின் பெரும்பாலான திசுக்களில் தேடினாலும் சரியாத் தெரியாது. “ஆஹா, கேன்சருக்குன்னே உள்ள புரதம்!”னு தோணும் இல்லையா?
ஆனா சர்வைவின் வேலை செய்வது அரோரா பி-யோட அதே குழுவில். செல் பிரியும் அந்தக் கொஞ்ச நேரம் அது வந்தே ஆகணும். சும்மா இருக்கும் திசுவில் தெரியாததுக்குக் காரணம் அங்கே செல் அதிகம் பிரியலை. அவ்வளவுதான்.

12/
அரோரா ஏ-யும் அப்படித்தான். சென்ட்ரோசோமிலும் இழைகளின் முனையிலும் நின்னு ரெண்டு முனையையும் ஒழுங்கா அமைக்கும் புரதம். இதன் மரபணு பல மார்பக, குடல் புற்றுநோய்களில் கூடுதல் பிரதிகளாப் பெருகியிருக்கும். புரதம் அளவுக்கு மீறினா சென்ட்ரோசோம் கூடிப் போகும், முனைகள் குழம்பும்.
அதே அரோரா ஏ இல்லாட்டியும் செல்லால ஒழுங்காப் பிரிய முடியாது. அளவு, நேரம், இடம். இந்த மூணும்தான் நல்லதுக்கும் கெட்டதுக்கும் உள்ள வித்தியாசம். புரதத்தோட பேர் இல்லை.

13/
சரி, இந்தப் புரதங்களை நிஜமாவே அடக்கும் மருந்தை விஞ்ஞானிகள் செய்து பார்க்கலையா? பார்த்தாங்க. அரோரா ஏ-யை அடக்கும் அலிசெர்டிப் என்ற மருந்து 3ம் கட்ட ஆய்வு வரை போனது, ஒரு வகை லிம்போமாவுக்காக. ஏற்கெனவே உள்ள மருந்துகளை விட மேல்னு காட்ட முடியலை. முக்கியமான பக்கவிளைவு என்ன தெரியுமா? வெள்ளையணு குறைவது. ஏன்னா மஜ்ஜையில் பிரியும் நல்ல செல்லுக்கும் அரோரா ஏ வேணும்.

14/
இப்போ யோசிங்க. இந்தப் புரதத்தைத் துல்லியமா அடக்கச் செஞ்ச மருந்தே மஜ்ஜையைத் தொடாம இருக்க முடியலை. ஆனா உங்க ஜூஸ் உடம்பு முழுக்கப் போய், அதே புரதத்தை அழித்து, ஒரு பக்கவிளைவும் தராதா?
பக்கவிளைவே இல்லைன்னு நீங்க பெருமையாச் சொல்றதுதான் உங்களுக்கு எதிரான சாட்சி. செல் பிரிவுப் புரதங்களை ஒரு பொருள் உடம்பு முழுக்க நிஜமா அழிச்சிருந்தா முதல்ல வெள்ளையணு விழுந்திருக்கும், வாய் வெந்திருக்கும், முடி கொட்டியிருக்கும். ஒண்ணும் ஆகலைன்னா, அந்தப் புரதத்துக்கும் ஒண்ணும் ஆகலை.

15/
“ஆய்வகத்தில் நிரூபிச்சிருக்காங்க சார்!”
தட்டில் வளரும் கேன்சர் செல் மேல ஊத்தினா, அதைக் கொல்லும் பொருள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கு. பினாயிலும் கொல்லும். தட்டில் மஜ்ஜை இல்லை, ஈரல் இல்லை, நரம்பு இல்லை. நல்ல செல்லை விட்டுட்டுக் கெட்டதை மட்டும் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. அதுக்குப் பதில் தட்டில் கிடைக்காது, மனிதரில் நடக்கும் ஆய்வில்தான் கிடைக்கும். முள் சீத்தா புற்றுநோயைக் குணமாக்கும்னு அப்படி எந்த ஆய்வும் நிரூபிக்கலை.
கரீபியனில் குவாதலூப் தீவில் இந்தக் குடும்பத்துப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலா இருக்குன்னு 1999ல் சந்தேகம் எழுப்பினாங்க. “இயற்கைதானே, என்ன ஆயிடும்”னு லிட்டர் கணக்கில் குடிக்கிறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும்.

16/
அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். “டாக்டருக்கு இயற்கைன்னாலே ஆகாது.”
வீட்டு வாசலில், சுடுகாட்டு ஓரத்தில் பூக்கும் நித்தியகல்யாணி தெரியுமா? அதிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றைக்கும் அடிப்படை மருந்து. அரசு ஆஸ்பத்திரியில் நாங்க தினமும் ஏத்துறது. நாங்க இயற்கைக்கு எதிரின்னா இதை எப்படி ஏத்துவோம்?

17/
இதோட கதை சுவாரஸ்யமானது. இந்த இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாப் பயன்படுத்தி வந்தாங்க. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற ஆய்வாளர்கள் 1950களில் எலிக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. சர்க்கரை குறையலை. வெள்ளையணு குறைஞ்சது! மஜ்ஜையில் செல் பிரிவதை ஏதோ தடுக்குதுன்னு புரிஞ்சு தேடினப்போ வின்பிளாஸ்டின் கிடைச்சது.
திரும்பவும் பாருங்க. ஒரு இலை உண்மையா வேலை செஞ்சப்போ முதலில் கண்ணில் பட்டதே அதோட பக்கவிளைவுதான்.

18/
வின்கிரிஸ்டின் என்ன செய்யுது? மேலே சொன்ன கயிறு இருக்கே, மைக்ரோட்யூபியூல், அது உருவாகாமல் தடுக்குது. கயிறு இல்லாட்டி குரோமோசோம் மாட்டாது. மாட்டலைன்னா கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார். செல் பாதி வழியில் மாட்டிக்கிட்டுச் சாகும்.
பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்சல் நேர் எதிர். கயிறைக் கலைய விடாமல் இறுக்கிப் பிடிச்சுக்கும். முடிவு கிட்டத்தட்ட அதேதான்.

19/
“அப்போ நித்தியகல்யாணி இலையை நேரா அரைச்சுக் குடிச்சா?”
தயவு செஞ்சு வேண்டாம். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேணும். பெரியவருக்கு ஒரு தடவைக்குப் பொதுவா 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டோம். தாண்டினா நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப் போகும், குடல் இயக்கம் நின்னு போகும். ரத்தக் குழாயில் மட்டும்தான் போடணும். தவறி முதுகுத் தண்டு நீரில் போயிட்டா உயிரையே எடுக்கும். நீங்க அரைக்கும் இலையில் எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அந்த அளவைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறதாலதான் அதுக்கு மருந்துன்னு பேர். இல்லாட்டி விஷம்.

20/
இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். புரதம் எங்கே நிக்குதுங்கிறதை வெச்சுத்தான் உங்க சிகிச்சையே முடிவாகுது. அதை எப்படிப் பார்க்கிறோம்? பயாப்ஸி எடுத்து, மெல்லிசா வெட்டி, நிறமூட்டி, மைக்ராஸ்கோப்பில்.
மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் மூணு விஷயம் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார், ஹெர்-2, கேஐ-67. மூணையும் ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

21/
ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார்: உட்கருவில் நிறம் தெரியணும். 1 சதவீதம் உட்கருவிலாவது தெரிஞ்சாத்தான் பாசிட்டிவ். அப்போ ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு உண்டு.
ஹெர்-2: செல்லின் வெளிச்சவ்வில் தெரியணும். சவ்வைச் சுத்தி முழு வளையமா, அழுத்தமா, 10 சதவீதத்துக்கு மேல் செல்களில் இருந்தா 3+. செல்லின் உள்ளே மங்கலாத் தெரிஞ்சா கணக்கில் சேர்க்க மாட்டாங்க. ஏன்? டிராஸ்டுசுமாப் என்ற மருந்து வெளியிலிருந்து வந்து சவ்வில் உள்ள ஹெர்-2வைப் பிடிப்பது. கதவில் பூட்டு இல்லாட்டி சாவியை வெச்சு என்ன பண்றது?

22/
அந்த டிராஸ்டுசுமாப்பும் முழுக்கச் சாது இல்லை. இதயத் தசைக்கும் ஹெர்-2 வேணும். அதனாலதான் இந்த மருந்துக்கு முன்னும் இடையிலும் எக்கோ எடுக்கச் சொல்றோம். குறி வைத்து அடிக்கும் மருந்துக்கே இந்த நிலை. “கேன்சரை மட்டும் தொடும்”னு யார் சொன்னாலும் இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

23/
கேஐ-67: இதைப் பார்த்துத்தான் நிறைய பேர் பயப்படறாங்க. “30 சதவீதம்னு போட்டிருக்கு, உடம்பில் 30 சதவீதம் கேன்சரா டாக்டர்?” இல்லைங்க. எண்ணிய கட்டிச் செல்களில் 30 சதவீதம் பிரியும் சுழற்சியில் இருக்குன்னு அர்த்தம்.
இதுவும் நம்ம எல்லார் உடம்பிலும் உள்ள புரதம்தான். ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடிச்சதால் இந்தப் பேர். செல் பிரியாத நேரத்தில் உட்கருவுக்குள்ள இருக்கும். பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமின் மேலேயும் ஒரு உறை மாதிரிப் பூசிக்கும். சோப்பு நுரை எண்ணெயைப் பிரிச்சு வைக்கிற மாதிரி, குரோமோசோம்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பார்த்துக்கும்.

24/
இந்த மூணையும் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்தோ, கண்ணைப் பார்த்தோ, நாடி பிடிச்சோ யாராலும் சொல்ல முடியாது. இடத்தைப் பார்க்கணும்னா திசு வேணும். திசு வேணும்னா பயாப்ஸி வேணும்.
இங்கேதான் இன்னொரு பொய் வந்து குறுக்கே நிக்குது. “கத்தி பட்டா கேன்சர் பரவிடும்.” ஜூஸ் வியாபாரிக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேற கிடையாது. பரிசோதனையே பண்ணாம இருந்தாத்தானே ஜூஸ் விக்கும்!

25/
நேராச் சொல்றேன். ஊசி பட்டதால் கேன்சர் பரவி மார்பகப் புற்றுநோயாளிகளின் ஆயுள் குறைஞ்சதா நிரூபணம் இல்லை. ஊசி போன பாதையில் சில செல்கள் தங்குவது உண்டு, அதுக்கும் சேர்த்துத்தான் அறுவையும் கதிர்வீச்சும் திட்டமிடப்படுது. விரைக் கட்டி போன்ற சில இடங்களில் ஊசி குத்தவே மாட்டோம், வேற வழியில் பார்ப்போம். எங்கே குத்தலாம், எங்கே கூடாதுன்னு விதிமுறை இருக்கு.
பிறகு ஏன் “ஆபரேஷனுக்கு அப்புறம் பரவிடுச்சு”ன்னு ஊரில் சொல்றாங்க? பல பேர் வரும்போதே பரவித்தான் வர்றாங்க. பரவ விட்டது தாமதம். பழி மட்டும் கத்தி மேல.

26/
“என் சித்தப்பா ஜூஸ் குடிச்சே குணமானார்.” சந்தோஷம். மூணே மூணு கேள்வி. பயாப்ஸியில் கேன்சர்னு உறுதியானதா? கூடவே ஆபரேஷன், கீமோ எதுவும் எடுக்கலையா? இப்போ ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சா? மூணுக்கும் தாளோட பதில் வரட்டும், பேசுவோம்.
“டாக்டர்கள் மருந்து கம்பெனி ஏஜென்ட்.” நான் அரசு ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கறேன். நீங்க பயாப்ஸி பண்ணினாலும் பண்ணாட்டியும் எனக்கு அதே சம்பளம்தான். பாட்டில் வித்தாத்தான் காசுங்கிறது யாருக்குன்னு நீங்களே யோசிங்க.

27/
என்ன செய்யணும்?
மார்பில், கழுத்தில், அக்குளில் புதுக் கட்டி. 3 வாரத்தில் ஆறாத வாய்ப்புண். மாதவிடாய் நின்ன பிறகு ரத்தப்போக்கு. மலத்தில் ரத்தம். காரணமில்லாம எடை குறைவது. இதில் எது இருந்தாலும் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. எல்லாம் கேன்சர் இல்லை, பெரும்பாலும் இருக்காது. ஆனா பார்த்துட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும்.
தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் உண்டு. ரிப்போர்ட் வந்ததும் என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. கூட்டமா இருந்தாலும் கேளுங்க. புரியற மாதிரி சொல்லச் சொல்லிக் கேட்பது உங்க உரிமை.

28/
சிகிச்சை எடுக்கும்போது ஏதாவது கஷாயம், பொடி எடுத்தா ஒளிக்காம உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. சில மூலிகைகள் மருந்தோட அளவைக் கூட்டும், சிலது குறைக்கும். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிடுங்க.

29/
ஜூஸ் விற்பவர்களுக்கு மறுபடியும் அதே கேள்வி. அரோரா பி சென்ட்ரோமியரில் நிக்கும்போது அழிக்கிறீங்களா, நடுப்பாலத்தில் நிக்கும்போதா? என் மஜ்ஜையில் நிக்கிறதையும் கட்டியில் நிக்கிறதையும் உங்க பொடி எதை வெச்சுப் பிரிச்சுப் பார்க்குது? பதில் தெரிஞ்சா எழுதுங்க, நோபல் பரிசுக்கே பரிந்துரைப்போம். தெரியலைன்னா, பாட்டிலில் “கேன்சர்” என்ற வார்த்தையை எடுத்துட்டு வெறும் பழச்சாறுன்னு போட்டு வித்துக்கோங்க.

30/
மத்தவங்க இதை அந்த ஃபார்வர்டு வந்த குடும்ப குரூப்பில் போடுங்க. அத்தை, சித்தி, பெரியம்மா யாராவது கட்டியை மறைச்சு வெச்சுக்கிட்டு ஜூஸ் குடிச்சிட்டு இருக்கலாம். சண்டை போடாம, கையைப் பிடிச்சு ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போங்க. சீட்டு போடுறதுக்கு அரை மணி நேரம் ஆகும். அவ்வளவுதான்.